காஸியை மூழ்கடித்தது யார்? கடற்போர் படங்களில் தப்பு கண்டுபிடிக்க ஒரு கையேடு

மொபைலில் ஒரு நீர்மூழ்கிப் படம் ஓடுகிறது. சிவப்பு லைட், வேர்வை வழியும் முகங்கள், 'பிங்... பிங்...' என்று ஒரு சத்தம். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நீங்களும் போர்வைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறீர்கள். திடீரென்று உள்ளுக்குள் இருக்கும் குறும்புக்காரன் முழித்துக்கொள்கிறான். "ஏய், போன ஷாட்ல இவரு சட்டை தொப்பலா நனைஞ்சுல்ல இருந்துச்சு? இப்ப அயர்ன் பண்ண மாதிரி இருக்கு?"

அவனைத் தூங்க வைக்காதீங்க. அவனுக்குக் கொஞ்சம் தீனி போடத்தான் இந்தக் கட்டுரை. கையில் எடுத்துக்கொள்ளும் படம், 2017 பிப்ரவரியில் வெளியான 'காஸி'. சங்கல்ப் ரெட்டி இயக்கி, ராணா, கே கே மேனன், அதுல் குல்கர்னி, டாப்ஸி நடித்தது. தெலுங்கு, இந்தியில் எடுக்கப்பட்டு தமிழிலும் வந்தது. சிறந்த தெலுங்குப் படத்துக்கான தேசிய விருதும் வாங்கியது. 1971 இந்தியா - பாகிஸ்தான் போரில், விசாகப்பட்டினம் கடலில் 'காஸி' என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கி மூழ்கிய சம்பவம்தான் கதைக்கு விதை.

வாசுதேவநல்லூர், சிவகிரி, புளியங்குடி பக்கமிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நமக்கு மலைதான் பக்கத்து வீடு. கடலைப் பார்க்கணும்னா கிழக்கே தூத்துக்குடிக்கோ, மேற்கே மலை தாண்டி கொல்லத்துக்கோ போகணும். ரெண்டுமே ரோட்டில் 100 கிலோமீட்டருக்கு மேல. ஆனாலும் இந்தக் கதையில் நம்ம தெற்கத்திச் சீமைக்கு ரெண்டு பங்கு உண்டு. ஒன்று நாகர்கோவிலில் பிறந்த ஒரு மனிதர். இன்னொன்று நெல்லை மாவட்டத்துப் பொட்டல்காட்டில் நிற்கும் ஒரு கோபுரம். ரெண்டும் போகப் போக வரும்.

தப்பிலும் 3 வகை உண்டு

எல்லாத் தப்பையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது.

முதல் வகை, கன்டின்யூட்டி தப்பு. ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டில் மாறிப்போவது. நெற்றியில் இடப்பக்கம் இருந்த கட்டு வலப்பக்கம் போவது, பாதி குடித்த டீ டம்ளர் மறுபடி நிறைவது, இதெல்லாம் இதில் அடங்கும்.

இரண்டாவது, தொழில்நுட்பத் தப்பு. இயந்திரமும் இயற்பியலும் ஒத்துக்கொள்ளாத விஷயங்கள்.

மூன்றாவது, வரலாற்றுத் தப்பு. யார் செய்தார்கள், எப்போது, எதனால் என்பதே மாறிப்போவது.

முதலாவதைப் பார்த்துச் சிரிக்கலாம். இரண்டாவதைப் பார்த்துக் கத்துக்கலாம். மூன்றாவதில்தான் கொஞ்சம் கவனம் வேணும். ஏன்னா அதில் நிஜ மனிதர்களின் பெயர் தொலைந்துபோகும்.

தாடியும் வேர்வையும்: கன்டின்யூட்டி ஏன் சறுக்குகிறது?

சினிமாவைக் கதை வரிசையில் எடுப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு செட்டில் எடுக்க வேண்டிய எல்லாக் காட்சியையும் ஒரே மூச்சில் எடுத்துவிட்டு, அடுத்த செட்டுக்குப் போவார்கள். கதையில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் படப்பிடிப்பில் ஒரே மதியமாக இருக்கலாம். நம்ம ஊர் சினிமாவில் ஓர் உதவி இயக்குநர் கன்டின்யூட்டிக்கென்றே நோட்டும் கையுமாக நிற்பார். எந்தப் பட்டன் போட்டிருந்தது, எந்தக் கையில் டம்ளர் இருந்தது, வேர்வை எவ்வளவு, எல்லாம் அவர் கணக்கு. இப்போது செல்போன் போட்டோ அந்த வேலையைச் சுலபமாக்கிவிட்டது.

நீர்மூழ்கிப் படத்தில் இந்த வேலை இரண்டு மடங்கு கஷ்டம். காரணம் எளிது. எல்லா அறையும் ஒரே மாதிரி இருக்கும். எல்லோர் உடுப்பும் ஒரே மாதிரி. ஜன்னல் கிடையாது, அதனால் பகலா இரவா என்று வெளிச்சத்தை வைத்துச் சொல்ல முடியாது. நேரம் நகர்ந்ததைக் காட்டுவது தாடி, வேர்வை, அழுக்கு இந்த மூன்றும்தான். அந்த மூன்றில் ஒன்று சறுக்கினாலும் மாட்டிக்கொள்வார்கள்.

இதைச் சரியாகச் செய்து காட்டியது 1981-ல் வந்த 'தாஸ் போட்' என்ற ஜெர்மன் படம். இயக்குநர் வொல்ஃப்காங் பீட்டர்சன் பெரும்பாலான காட்சிகளைக் கதை வரிசைப்படியே எடுத்தார். அதனால் நடிகர்களின் தாடி நிஜமாகவே வளர்ந்தது. வெயில் படாத முகம் தெரிய வேண்டும் என்று படப்பிடிப்புக் காலத்தில் நடிகர்களை வெயிலில் அதிகம் அலையவிடவில்லை. அந்த முகங்களின் சோகை மேக்கப் போட்டு வந்ததல்ல.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. 1976-ல் வந்த 'மிட்வே' படத்தில் பழைய போர்க்காலக் காட்சிகளையும், 'டோரா! டோரா! டோரா!' போன்ற வேறு படங்களின் துண்டுகளையும் ஒட்டியிருந்தார்கள். விளைவு? கிளம்பும்போது ஒரு ரக விமானம், வானத்தில் இன்னொரு ரகம், இறங்கும்போது மூன்றாவது ரகம். நம்ம ஊர் பாஷையில் சொன்னால், தென்காசியில் ஏறியது மினி பஸ், சங்கரன்கோவிலில் இறங்கியது லாரி!

18 நாள் தண்ணிக்குள்ளேயா?

இனி தொழில்நுட்பம். 'காஸி' வந்தபோது, 18 நாள் கடலுக்கடியில் இருந்த வீரர்களின் கதை என்றுதான் பேசப்பட்டது. அதை அப்படியே எடுத்துக்கொண்டால் சிக்கல் அங்கேயே ஆரம்பிக்கிறது.

அந்தக் காலத்து இந்திய, பாகிஸ்தான் நீர்மூழ்கிகள் அணுசக்தியில் ஓடியவை அல்ல. டீசல் - மின்சார வகை. டீசல் எஞ்சின் ஓட காற்று வேண்டும். தண்ணிக்குள் காற்றுக்கு எங்கே போவது? அதனால் உள்ளே போனதும் பேட்டரியில்தான் ஓடும். உங்கள் போன் மாதிரியேதான். வேகமாக ஓடினால் சார்ஜ் சீக்கிரம் இறங்கும், மெதுவாக ஊர்ந்தால் கொஞ்சம் தாங்கும். எப்படி மிச்சம் பிடித்தாலும் சில நாள்தான். அதற்குள் மேலே வந்தோ, அல்லது மேற்பரப்புக்குக் கீழே நின்று மூச்சுக்குழாயை மட்டும் வெளியே நீட்டியோ டீசல் எஞ்சினை ஓட்டி சார்ஜ் ஏற்றியாக வேண்டும்.

நீர்மூழ்கிக்காரர்களின் நிஜமான பயம் அந்த நேரம்தான். எஞ்சின் சத்தம் கேட்கும், குழாய் தெரியும். எதிரியிடம் மாட்டுவது பெரும்பாலும் அப்போதுதான். படங்கள் இந்தச் சலிப்பூட்டும் சார்ஜ் வேலையைக் காட்டுவதில்லை. காட்டியிருந்தால் இன்னும் நல்ல த்ரில்லர் கிடைத்திருக்கும்.

மேலே, கீழே, மேலே, கீழே

'காஸி' படத்தின் கடைசிப் பகுதி ஞாபகம் இருக்கா? கண்ணிவெடியில் அடிபட்ட இந்திய நீர்மூழ்கி முன்னே பின்னே நகர முடியாது. மேலே கீழே மட்டும் போகும். அதை வைத்துக்கொண்டே டார்பிடோக்களிலிருந்து தப்பிக்கும். கைதட்ட வைக்கும் யோசனை.

இயற்பியல் மட்டும் கைதட்டாது. நீர்மூழ்கி மேலே வர, தொட்டிகளில் இருக்கும் கடல்நீரை அழுத்திச் சேமித்த காற்றால் வெளியே தள்ள வேண்டும். அந்தக் காற்று சிலிண்டர்களில் அளவோடுதான் இருக்கும். ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் செலவாகும். மறுபடி நிரப்ப வெளிக்காற்று வேண்டும். அதுமட்டுமல்ல, நகராத நீர்மூழ்கியை ஒரே ஆழத்தில் நிறுத்திவைப்பது பெரும்பாடு. முன்னோக்கி ஓடும்போது பக்கத் துடுப்புகள் தண்ணீரைப் பிடித்து அதைத் தாங்கும். ஓட்டம் நின்றால் அந்தப் பிடி போய்விடும். லிஃப்ட் மாதிரி ஏறி இறங்கும் நீர்மூழ்கி, திரைக்கதைக்கு வசதியான நீர்மூழ்கி.

குற்றாலக் குளியல் மாதிரி ஒரு கசிவு

எல்லா நீர்மூழ்கிப் படத்திலும் ஒரு காட்சி கட்டாயம். குழாய் வெடிக்கும். தண்ணீர் பீய்ச்சும். ஹீரோ ஐந்தருவியில் தலையைக் காட்டுவது மாதிரி அதில் நனைந்துகொண்டே வால்வைத் திருகுவார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும், சுண்டுவிரல் நகம் அளவு இடத்தில், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டரில், சுமார் 1 கிலோ எடை கூடும். 250 மீட்டர் ஆழத்தில்? அந்த நகத்தளவு இடத்தின் மேல் ஒரு 25 கிலோ அரிசி மூட்டை உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆழத்தில் நேராகக் கடலுக்குத் திறந்த ஓட்டை விழுந்தால், தண்ணீர் மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் உள்ளே வரும். நனைவதற்கு அங்கே நேரம் கிடையாது, ஆளையே தூக்கி அடித்துவிடும்.

இதில் ஒரு நியாயமும் சொல்லணும். கசிவு சின்னதாகவோ, ஆழம் குறைவாகவோ இருந்தால் மனிதர்கள் போராடி அடைத்திருக்கிறார்கள். அதனால் கசிவுக் காட்சி வந்தால் உடனே ஆழமானியைப் பாருங்க. முள் எவ்வளவு காட்டுகிறதோ அதற்கேற்ற கோபம் தண்ணீரில் இருக்கணும்.

'பிங்' போட்டால் மாட்டிக்குவீங்க

நீர்மூழ்கிப் படம்னாலே அந்த 'பிங்' சத்தம்தான். அது ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கண்டுபிடிக்கும் முறை. பிரச்னை என்னவென்றால், இருட்டில் டார்ச் அடிப்பது மாதிரி அது. எதிரில் இருப்பவன் தெரிவான். அதற்கு முன்னாடி நீங்க அவனுக்குத் தெரிஞ்சிருவீங்க. ஒளிந்திருக்கும் நீர்மூழ்கி பெரும்பாலும் 'பிங்' போடாது. காதை மட்டும் தீட்டிக்கொண்டு கேட்கும். எதிரியின் சுழலி, பம்பு, கீழே விழும் ஸ்பானர், எல்லாம் தண்ணீரில் தூரம் போகும்.

அந்த வகையில், இந்திய வீரர்கள் உரக்கப் பாடி எதிரியைச் சீண்டும் காட்சிக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. இரும்பு உடலுக்குள் எழும் சத்தம் தண்ணீருக்குள் கடக்கும், பக்கத்தில் இருக்கும் எதிரியின் கருவிக்கு எட்டவும் செய்யலாம். அதனால்தான் நிஜத்தில் ஆபத்து நேரத்தில் செருப்புச் சத்தம்கூட வரக் கூடாது என்று இருப்பார்கள். தத்துவம் சரி, அளவுதான் சினிமா.

வெடிச்சத்தத்தையும் கவனிங்க. ஒலி காற்றில் விநாடிக்கு சுமார் 340 மீட்டர் போகும். கடல்நீரில் சுமார் 1,500 மீட்டர். 3 கிலோமீட்டர் தள்ளி ஒரு வெடிப்பு என்றால், தண்ணிக்குள் இருப்பவருக்கு 2 விநாடியில் கேட்கும், கரையில் காற்று வழியாகக் கேட்பவருக்கு கிட்டத்தட்ட 9 விநாடி ஆகும். படத்தில் மட்டும் வெளிச்சமும் சத்தமும் ஜோடியாக வரும்.

ஹலோ, ஹெட்குவார்ட்டர்ஸ்?

இங்கேதான் நெல்லை மாவட்டத்துக் கோபுரம் வருகிறது. வாசுதேவநல்லூரிலிருந்து தெற்கே சுமார் 100 கிலோமீட்டரில், நாங்குநேரிக்கு அந்தப் பக்கம் விஜயநாராயணம். அங்கே 1990-ல் தொடங்கப்பட்டது 'ஐ.என்.எஸ். கட்டபொம்மன்'. பேரில் கப்பல் மாதிரி இருந்தாலும் இது தரையில் இருக்கும் கடற்படை நிலையம். இதன் உயரமான கோபுரங்கள் 471 மீட்டர். இந்தியாவிலேயே மிக உயரமான கட்டமைப்புகள் இவைதான் என்பது நம்ம ஊர்க்காரர்களுக்கே பலருக்குத் தெரியாது.

இவ்வளவு உயரம் எதற்கு? சாதாரண ரேடியோ அலை கடல்நீருக்குள் நுழைந்ததும் செத்துப்போகும். மிகக் குறைந்த அதிர்வெண் கொண்ட, கிலோமீட்டர் கணக்கில் நீளமான அலைகள் மட்டும்தான் சில பத்து மீட்டர் வரை உள்ளே இறங்கும். அதை அனுப்பத்தான் இப்படி ராட்சத ஆன்டெனா. அதிலும் மூன்று கட்டுப்பாடு உண்டு. குரல் போகாது, குறியீட்டுச் செய்தி மட்டும்தான். மெதுவாகத்தான் போகும். முக்கியமாக, ஒருவழிப் பாதை. நீர்மூழ்கி கேட்கலாம், திரும்பப் பேச முடியாது. பேசணும்னா மேலே வந்து ஆன்டெனாவை நீட்டணும்.

1971-ல் இந்த நிலையமே கிடையாது. அதனால் அந்தக் காலத்துக் கதையில், ஆழத்தில் இருக்கும் கேப்டனும் கரையில் இருக்கும் அதிகாரியும் போனில் பேசுவது மாதிரி வாதாடினால், பாஸ் பட்டனை அழுத்திவிட்டு விஜயநாராயணத்தை நினைச்சுக்கோங்க.

கேப்டனா, கமாண்டரா?

கேப்டன்னதும் நமக்கு விஜயகாந்த் ஞாபகம் வரும். கடற்படையில் அந்த வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம். கப்பலை நடத்துபவர் யாராக இருந்தாலும் அந்தக் கப்பலுக்கு அவர்தான் கேப்டன். அது பொறுப்பு. கேப்டன் என்று ஒரு பதவியும் தனியாக இருக்கிறது. அது ராணுவக் கேப்டனைவிட ரொம்ப மேலே, கிட்டத்தட்ட ராணுவத்தில் கர்னலுக்குச் சமம்.

தோள்பட்டியைப் பார்த்தால் போதும். ரெண்டு தடித்த கோடு என்றால் லெப்டினன்ட். ரெண்டு தடித்த கோட்டுக்கு நடுவே ஒரு மெல்லிய கோடு என்றால் லெப்டினன்ட் கமாண்டர். மூன்று தடித்த கோடு கமாண்டர். நாலு என்றால் கேப்டன். நிஜ காஸியை நடத்தியவர் கமாண்டர் ஜாஃபர் முகமது கான். படத்தில் அவருக்குப் பதில் ரஸாக் கான் என்ற பாத்திரம்.

எஸ்21 என்ற நம்பர்

படத்தில் இந்திய நீர்மூழ்கிக்குப் பெயர் கிடையாது, 'எஸ்21' என்ற நம்பர்தான். அந்த நம்பர் நிஜமாகவே ஒரு கப்பலுக்கு இருந்தது. 1971-ல் இந்தியாவிடம் சோவியத் யூனியனில் கட்டிய 4 நீர்மூழ்கிகள் இருந்தன. குர்சுரா எஸ்20, கரஞ்ச் எஸ்21, கந்தேரி எஸ்22, கல்வரி எஸ்23. அப்போது நான்கும் ஏறக்குறைய புத்தம் புதுசு. முதலாவது வந்ததே 1967-ல்தான். இதில் எதுவும் காஸியோடு சண்டை போடவில்லை.

இன்னொரு வேடிக்கை. படம் வந்த அதே 2017 டிசம்பரில் புதிய கல்வரி கடற்படையில் சேர்ந்தது. அதற்குக் கொடுத்த நம்பர் எஸ்21!

நீர்மூழ்கி vs நீர்மூழ்கி நடந்ததே இல்லையா?

ரெண்டு நீர்மூழ்கியும் தண்ணிக்குள் இருக்கும்போதே ஒன்று இன்னொன்றை மூழ்கடித்ததாகப் போர் வரலாற்றில் உறுதியாகப் பதிவானது ஒரே ஒரு சம்பவம். 1945 பிப்ரவரி 9, நார்வே கரையோரம். பிரிட்டனின் வென்ச்சரர், ஜெர்மனியின் யு-864-ஐ மூழ்கடித்தது. 'பிங்' போடாமல், வெறும் காதால் கேட்டு, மணிக்கணக்கில் பின்தொடர்ந்து, எதிரி எந்த நேரத்தில் எந்த ஆழத்தில் எங்கே இருப்பான் என்று கணக்குப் போட்டு 4 டார்பிடோ விட்டார்கள். ஒன்று பட்டது. யு-864-ல் இருந்த 73 பேரும் இறந்தார்கள்.

தரையில் துப்பாக்கிச் சண்டை மாதிரி மாறி மாறிச் சுட்டுக்கொள்ளும் நீர்மூழ்கி மோதல் ஏன் இவ்வளவு அபூர்வம் என்று இப்போது புரியும். கண்ணால் பார்க்கவே முடியாது. 200 மீட்டருக்குக் கீழே சூரிய வெளிச்சம் ஏறக்குறைய இல்லை. படத்தில் தெரியும் நீலநிற வெளிச்சமும், தூரத்தில் வரும் எதிரியின் நிழலும் நமக்காகப் போட்ட லைட்டிங்.

நிஜத்தில் நடந்தது என்ன?

இதுவரை பார்த்தவை ரசிக்கும் தப்புகள். இனி வருவது வேறு.

காஸி, இரண்டாம் உலகப் போரின் கடைசியில் அமெரிக்கா கட்டிய 'டையப்லோ' என்ற நீர்மூழ்கி. 1964-ல் பாகிஸ்தான் கடற்படைக்கு வந்தது. அவர்களின் முதல் நீர்மூழ்கி அதுதான். வங்கக் கடல் வரை போய் வேலை செய்யும் தூரத்திறன் அவர்களிடம் அதற்கு மட்டும்தான் இருந்தது. இலக்கு, இந்தியாவின் ஒரே விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்த். 1971 நவம்பர் 14-ல் கராச்சியிலிருந்து கிளம்பியது.

அப்போது கிழக்குக் கடற்படைப் பிரிவின் தலைவர் வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். 1919-ல் நாகர்கோவிலில் பிறந்தவர். விக்ராந்தின் கொதிகலன் ஒன்றில் விரிசல். முழு வேகத்தில் ஓட முடியாது. அதை அந்தமான் பக்கம் ஒளித்துவைத்தார்கள். விக்ராந்த் விசாகப்பட்டினத்தில்தான் இருக்கிறது என்று எதிரியை நம்பவைப்பது கிருஷ்ணனின் திட்டம்.

எப்படி? 'ராஜ்புத்' என்ற பழைய நாசகாரிக் கப்பலைக் கடலுக்கு அனுப்பி, விக்ராந்த் மாதிரியே வயர்லெஸ்ஸில் ஏராளமாகப் பேசவைத்தார்கள். ஒரு பெரிய கப்பலுக்குத் தேவையான அளவு காய்கறி, இறைச்சிக்கு வெளியே ஆர்டர் கொடுத்தார்கள், செய்தி கசியட்டும் என்றே. விக்ராந்தில் இருக்கும் ஒரு மாலுமி உடம்பு சரியில்லாத அம்மாவை விசாரிப்பது மாதிரி, ரகசியக் குறியீடு இல்லாத ஒரு தந்தியும் போனது. இன்றைக்கு ஸ்டேட்டஸ் போட்டு லொகேஷனை மாற்றிக் காட்டுவது மாதிரி ஒரு வேலை. 1971-ல் அதற்குத் தந்தியும் காய்கறி லிஸ்ட்டும்தான் கருவி.

காஸி விசாகப்பட்டினத்துக்கே வந்தது. டிசம்பர் 3 இரவு போர் வெடித்த செய்தியோடு, லெப்டினன்ட் கமாண்டர் இந்தர் சிங் தலைமையில் ராஜ்புத் துறைமுகத்திலிருந்து கிளம்பியது. வாயைத் தாண்டும் இடத்தில் நீருக்கடி வெடிகளைப் போட்டது. நள்ளிரவு தாண்டி, கரையை உலுக்கிய ஒரு பெரிய வெடிச்சத்தம். பிறகு மீனவர்கள் மிதந்த பொருள்களைக் கண்டெடுத்தார்கள். காஸியில் இருந்த 90-க்கும் மேற்பட்டவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

காரணம் என்ன என்பதில் இன்றும் ஒத்த கருத்து இல்லை. ராஜ்புத் போட்ட வெடிகளே மூழ்கடித்தன என்பது இந்தியக் கடற்படையின் நிலை. தான் விதைத்த கண்ணிவெடியில் தானே சிக்கியது என்பது பாகிஸ்தான் தரப்பு. உள்ளேயே ஏதோ வெடித்தது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இந்த மூன்றில் எதிலும் ஓர் இந்திய நீர்மூழ்கி இல்லை.

ராஜ்புத் என்ன கப்பல் தெரியுமா? அதுவும் இரண்டாம் உலகப் போர்ச் சரக்கு. பிரிட்டனிடம் 'ரோதர்ஹாம்' என்ற பெயரில் ஓடி, 1949-ல் நம்மிடம் வந்தது. ஒரே போரில் ஒரே பக்கம் நின்ற இரண்டு நாடுகளின் பழைய கப்பல்கள், கால் நூற்றாண்டு கழித்து விசாகப்பட்டினத்தில் எதிரெதிராக நின்றன. இதை எந்தத் திரைக்கதை எழுத்தாளரும் கற்பனை செய்திருக்க மாட்டார்.

"சினிமாதானே, விடுங்க"ன்னு சொல்லலாமா?

சொல்லலாம். 'காஸி' படமே தொடக்கத்தில் இது கற்பனை என்று நீளமாக அறிவித்துவிடுகிறது. கற்பனை செய்ய இயக்குநருக்கு முழு உரிமை உண்டு. சிக்கல் நம்ம பக்கம்தான். அறிவிப்பு ஓடும்போது நாம் ஹெட்போனைத் தேடிக்கொண்டிருப்போம். படம் முடிந்ததும் "காஸியை நம்ம நீர்மூழ்கி அடிச்சது, தெரியுமா?" என்று நண்பனுக்கு மெசேஜ் அனுப்புவோம். அடுத்த டிசம்பரில் அதே வரி ஒரு ரீல்ஸாக நம்மிடமே திரும்பி வரும். இந்தர் சிங் பெயரும் ராஜ்புத்தும் அந்த ரீல்ஸில் இருக்காது.

உலகம் முழுக்க இந்தச் சண்டை உண்டு. 2000-ல் வந்த 'யு-571' ஹாலிவுட் படத்தில், ஜெர்மனியின் ரகசியக் குறியீட்டு இயந்திரமான எனிக்மாவை அமெரிக்கர்கள் கைப்பற்றுவார்கள். நிஜத்தில் 1941 மே மாதம், யு-110 நீர்மூழ்கியிலிருந்து அதை எடுத்தவர்கள் பிரிட்டனின் புல்டாக் கப்பல்காரர்கள். அப்போது அமெரிக்கா போரிலேயே இறங்கவில்லை. பிரிட்டன் நாடாளுமன்றத்தில் இந்தப் பேச்சு எழுந்து, பிரதமர் டோனி பிளேரே கண்டித்தார். படத்தின் எழுத்தாளர்களில் ஒருவரான டேவிட் அயர் சில ஆண்டுகள் கழித்து, இனி அப்படிச் செய்ய மாட்டேன் என்று வருந்தினார். அந்தப் படத்தில் சட்டை எத்தனை இடத்தில் மாறியது என்று யாரும் நாடாளுமன்றத்தில் கேட்கவில்லை. யார் செய்தார்கள் என்பதைத்தான் கேட்டார்கள்.

அடுத்த படத்துக்கு உங்கள் செக் லிஸ்ட்

ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.

1. தாடி, வேர்வை, கட்டு: ஒரே காட்சியில் கேமரா கோணம் மாறும்போது மாறுதா? 10 விநாடி பின்னே தள்ளிப் பாருங்க.

2. சுவர்க் கடிகாரமும் கைக்கடிகாரமும்: வசனம் 'இன்னும் 5 நிமிஷம்' என்றால் முள் என்ன சொல்லுது?

3. ஆழமானி: கேப்டன் சொல்லும் ஆழமும் முள்ளும் ஒத்துப்போகுதா? கசியும் தண்ணீரின் வேகம் அதற்குப் பொருந்துதா?

4. டார்பிடோ எண்ணிக்கை: 1971-ன் இந்திய நீர்மூழ்கிக்கு முன்னே 6, பின்னே 4 குழாய். காஸிக்கும் அதே கணக்கு. ஒருமுறை விட்டால் மறுபடி ஏற்ற நேரம் ஆகும். துப்பாக்கி மாதிரி தொடர்ந்து விட்டால் சந்தேகப்படுங்க.

5. தோள்பட்டிக் கோடுகள்: கூப்பிடும் பதவியும் கோடும் சரியா?

6. பேட்டரி: எத்தனை நாளாச்சு? எப்ப சார்ஜ் ஏத்துனாங்க?

7. பேச்சு: ஆழத்தில் இருந்துகொண்டு கரையோடு பேசுறாங்களா?

8. கடைசியாக, பெயர்கள்: நிஜக் கப்பல், நிஜ அதிகாரி, நிஜத் தேதி என்ன? படம் முடிந்ததும் 5 நிமிஷம் தேடுங்க.

முதல் 7-ம் பார்ட்டி விளையாட்டு. எட்டாவது மட்டும் கடன்.

நேரில் பார்க்கணுமா?

விசாகப்பட்டினம் ஆர்.கே. கடற்கரையில் குர்சுரா நீர்மூழ்கியை அப்படியே மணலில் ஏற்றி, 2002 முதல் மியூசியமாக வைத்திருக்கிறார்கள். 91 மீட்டர் நீளம். எஸ்21-ன் கூடப்பிறந்த அதே வகை. உள்ளே நுழைந்து வட்டக் கதவில் குனிந்து காலைத் தூக்கி வைக்கும்போதே, சினிமா செட்டில் நாலு பேர் கைகோத்து நிற்கும் அகலம் எங்கிருந்து வந்தது என்று சிரிப்பு வந்துவிடும். பக்கத்திலேயே 1971 போருக்கான 'கடல் வெற்றி' நினைவுச் சின்னம். அதன் முன்னால் நின்று கடலைப் பாருங்க. அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, தண்ணிக்குள்தான் காஸி கிடக்கிறது, உள்ளே போனவர்களோடு.